தலைமாட்டில் மரக்கால்

குர்ஆனின் கடைசிப் பகுதியில் வரும் சிறிய அத்தியாயங்களை வரிசையாக வாசித்துக்கொண்டு போகிறவருக்கு 83ஆம் அத்தியாயத்தில் கால் இடறும். 81இல் சூரியன் சுருட்டப்படுகிறது, நட்சத்திரங்கள் உதிர்கின்றன, மலைகள் பெயர்க்கப்படுகின்றன. 82இல் வானம் பிளக்கிறது, கடல்கள் கரை உடைக்கின்றன, கல்லறைகள் புரட்டிப் போடப்படுகின்றன. 84இல் மறுபடியும் வானம் பிளக்கிறது. பூமி தன் வயிற்றில் உள்ளதையெல்லாம் வெளியே கொட்டிவிட்டு வெறுமையாகிறது. இந்தப் பிரளயங்களுக்கு நடுவே, 83இல், ஒரு கடைக்காரன் படியும் கையுமாக நிற்கிறான். அளவிலும் நிறுவையிலும் குறைப்பவனுக்குக் கேடு என்று எடுத்த எடுப்பிலேயே ஆரம்பமாகிறது பேச்சு. ‘அல் முதஃப்பிஃபீன்’ என்பது அத்தியாயத்தின் பெயர், 36 வசனங்கள், அளவில் மோசம் செய்கிறவர்கள் என்று தமிழ் மொழிபெயர்ப்புகளில் தலைப்பு இருக்கும். அத்தியாய வரிசை இறங்கிய காலவரிசை அல்ல என்பது தெரிந்த சங்கதிதான். ஆனாலும் வாசகன் கையில் இருப்பது இந்த வரிசைதானே! உலகம் முடிவதைச் சொல்லிக்கொண்டிருந்த குரல் நடுவில் சந்தைக்குள் நுழைந்து மளிகைக் கடைக்காரனின் படியைத் தூக்கிப் பார்ப்பானேன்? அரிசியில் ஒரு பிடி குறைந்தால் அதற்கு வானம் பிளக்க வேண்டுமா?

இதற்குப் பதில் தேடுவதற்குத் திருப்பதி தோதான ஊர். அப்படிச் சொன்னதும் வழக்கமான கதைகள் வரிசை கட்டும் என்று தெரியும். பெருமாளைத் தேடி வந்த துலுக்க நாச்சியார், தெலுங்கில் பீபி நாஞ்சாரி. 1984இல் குண்டூர் பக்தர் ஷேக் மஸ்தான் மலைக்குக் காணிக்கையாகக் கொடுத்த 108 தங்கப் பூக்கள். அவற்றைக் கொண்டு நடக்கும் செவ்வாய்க்கிழமை அர்ச்சனை. நல்ல கதைகள்தான், மேடையில் பேசினால் கைதட்டல் கிடைக்கும். ஆனால் ஒரு வேதத்தையும் ஒரு ஊரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க உறவுமுறைக் கதையைவிட உருப்படியான ஒன்று கீழ்த் திருப்பதியில் இருக்கிறது. கோவிந்தராஜர் கோயிலில் பள்ளிகொண்ட பெருமாளின் தலைக்கு அடியில் இருப்பது மரக்கால். தெலுங்கர்கள் ‘குஞ்சம்’ என்பார்கள். கல்யாணச் செலவுக்குத் தம்பி வேங்கடவன் குபேரனிடம் கடன் வாங்கிவிட்டார். கலியுகம் முடிகிறவரை வட்டி கட்ட வேண்டும். வந்து குவிகிற காசை அளந்து கொடுக்கிற வேலை அண்ணன் கோவிந்தராஜருக்கு. அளந்து அளந்து அலுத்துப் போய், அளந்த மரக்காலையே தலைக்கு வைத்துக்கொண்டு படுத்துவிட்டார் என்பது ஊர் சொல்லும் கதை. காசை எண்ணவில்லை, அளந்தார் என்பதைக் கவனிக்க வேண்டும். எண்ணி மாளாத வரவு என்பதோடு, அளக்கிற பொறுப்பை வெளியாளிடம் விடாமல் கூடப்பிறந்தவரிடம் கொடுத்ததும் கதையில் இருக்கிறது. கடன் பாக்கி உள்ள வீட்டில் மரக்கால் யார் கையில் இருக்கிறது என்பது பெரிய விஷயம்.

கும்பகோணத்துக்குப் பக்கத்தில், சுவாமிமலை வட்டாரத்துத் திருஆதனூரிலும் பெருமாள் மரக்காலைத் தலைக்கு வைத்துக்கொண்டுதான் படுத்திருக்கிறார். ஆண்டளக்கும் ஐயன் என்று பெயர். அங்கே மரக்காலோடு எழுத்தாணியும் ஏட்டுச் சுவடியும்கூட உண்டு. திருமங்கையாழ்வார் திருப்பணி நடத்தியபோது கையில் காசில்லாமல் தவித்தார். ஒரு வணிகர் வெறும் மரக்காலோடு வந்தார். ஆட்களுக்குக் கூலியாக மணலை அளந்து போட்டார். ஒழுங்காக வேலை செய்தவன் மடியில் அது பொன்னாயிற்று, வேலையில் ஏய்த்தவன் மடியில் மணலாகவே கிடந்தது. இந்தத் தலபுராணத்தை வெறும் அற்புதக் கதையாகத் தள்ளிவிட மனம் வரவில்லை. மரக்கால் ஒன்றுதான், அளந்த மணலும் ஒன்றுதான், அளந்த கையும் ஒன்றுதான். மாறியது வாங்கினவன் கொடுத்திருந்த உழைப்பு மட்டும். ஒருவன் கொடுத்ததும் பெற்றதும் ஒரே அளவையில் நேருக்கு நேர் வைக்கப்படுகின்றன. பக்கத்தில் எழுதி வைக்கச் சுவடியும் இருக்கிறது. மரக்கால் முதலில், ஏடு அடுத்து என்ற இந்த இணைப்பைத்தான் அரபு மண்ணில் இறங்கிய அந்த அத்தியாயமும் செய்கிறது. ஒன்றிலிருந்து இன்னொன்று வந்தது என்று சொல்ல வரவில்லை; அப்படிச் சொல்பவர்களிடம் எனக்குப் பொறுமை கிடையாது. தானியத்தை அளந்து பிழைத்த எல்லா ஊரிலும் ஒரே கவலை இருந்திருக்கிறது, அவ்வளவுதான்.

அத்தியாயத்தின் வாதம் அடுத்த இரண்டு வசனங்களில் இருக்கிறது. இந்த ஆட்கள் மக்களிடமிருந்து அளந்து வாங்கும்போது நிறைவாக வாங்கிக்கொள்கிறார்கள். மக்களுக்கு அளந்தோ நிறுத்தோ கொடுக்கும்போது குறைத்துவிடுகிறார்கள். முதல் பாதியில் குற்றம் என்ன இருக்கிறது? தனக்குச் சேர வேண்டியதை நிறைவாக வாங்குவது எவனுக்கும் உரிமைதானே? அதைப் போய்க் குற்றப்பத்திரிகையில் சேர்த்திருப்பது ஏன் என்று கேட்கத் தோன்றும். குற்றம் இந்தப் பாதியிலும் இல்லை, அந்தப் பாதியில் மட்டுமாகவும் இல்லை. இரண்டும் ஒரே ஆளிடம் சேர்ந்திருப்பதில் இருக்கிறது. நிறைந்த மரக்கால் எப்படி இருக்கும் என்று அவனுக்குத் தெரியாமல் இல்லை, வாங்கும்போது நன்றாகவே தெரிகிறது. ஆகவே தெரியாமல் நடந்துவிட்டது என்ற சாக்குக்கு முதல் பாதியே வாயடைப்புப் போட்டுவிடுகிறது. இன்னொன்றும் உண்டு. இரண்டு வியாபாரத்திலும் அளக்கிற கை அவனுடையதுதான். எதிராளி விற்க வந்தாலும் வாங்க வந்தாலும் துணியை விரித்துக்கொண்டு நிற்கிறான். ஆக, பேச்சு எல்லாத் திருடர்களைப் பற்றியும் அல்ல. அளவை தன் வசம் இருக்கிற காரணத்தால் வாங்குவதற்கு ஒரு நியாயமும் கொடுப்பதற்கு ஒரு நியாயமும் வைத்துக்கொள்ள முடிந்தவனைப் பற்றியது.

பழைய விரிவுரைகளில் அபூ ஜுஹைனா என்று ஒருவர் வருகிறார். மதீனாவாசி. அவரிடம் இரண்டு மரக்கால் இருந்தனவாம், ஒன்று வாங்க, ஒன்று விற்க. நம் பக்கத்து நெல் வியாபாரி அவரைவிடக் கெட்டிக்காரர்; அவருக்கு ஒரு மரக்காலே போதும். அறுப்புக் காலத்தில் களத்துமேட்டில் வாங்கும்போது மரக்காலை நெல்லுக்குள் அழுத்தி, ஒரு குலுக்குக் குலுக்கி, விளிம்புக்கு மேலே கோபுரமாகக் குவித்து அளப்பார். ஐப்பசி கார்த்திகையில் அதே நெல்லை அதே ஆளுக்கு விற்கும்போது குலுக்காமல் தூவி நிரப்பி, விளிம்போடு விளிம்பாகத் தலையைத் தட்டிவிடுவார். கட்டைவிரல் உள்ளே போயிருக்கும், அது ஒரு அரைப்பிடி நெல்லின் இடத்தை எடுத்துக்கொள்ளும். படியின் அடித்தகடு உள்பக்கமாக ஒடுங்கியிருந்தால் அதற்கு யார் என்ன செய்வது? தராசாக இருந்தால் தட்டின் அடியில் புளி. இத்தனைக்கும் முதல் மரக்காலை எண்ணும்போது ‘ஒன்று’ என்று சொல்ல மாட்டார், மங்கலமாக ‘லாபம்’ என்றுதான் தொடங்குவார். யாருக்கு லாபம் என்பதைக் களத்தில் நின்றவன் கேட்டதில்லை. அளவு மாறாமலே அளக்கும் விதத்தை மாற்றி இரண்டு மரக்கால் செய்துகொள்ளும் இந்த வித்தை தெரிந்தவர்களுக்கு அந்த வசனங்களை விளக்க முஃப்தி வேண்டியதில்லை.

தமிழில் இதே இரட்டை அமைப்பைப் பட்டினப்பாலையில் பார்க்கலாம். கரிகாலன் காலத்துக் காவிரிப்பூம்பட்டினத்து வணிகர்களைப் பற்றிச் சொல்ல வந்த கடியலூர் உருத்திரங்கண்ணனார், அவர்கள் பெரிய பணக்காரர்கள் என்று மட்டும் சொல்லி நிறுத்தவில்லை. வாங்கும்போது கூடுதலாக வாங்குவதில்லை, கொடுக்கும்போது குறைத்துக் கொடுப்பதில்லை என்கிறார். வாங்குவதும் கொடுப்பதும் என்ற இரண்டு கைகளையும் சேர்த்துப் பிடித்துக் காட்டினால்தான் வணிகனின் நேர்மை தெரியும் என்பது அவருக்குத் தெரிந்திருக்கிறது. நுகத்தடியின் நடுவில் அடித்திருக்கும் ஆணியை அவர்கள் நெஞ்சுக்கு உவமையாகச் சொல்கிறார். இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ நகர்ந்தால் ஒரு மாட்டின் கழுத்தில் பாரம் ஏறிவிடும். பிறர் பொருளைத் தம் பொருள்போல் பேணினார்கள் என்றும் சொல்கிறார். குறளில் வணிகத்தைப் பற்றிய பேச்சு நடுவுநிலைமை அதிகாரத்தின் கடைசிக் குறளாக வருவதும் இதே சிந்தனைதான். நீதிபதியின் தராசையும் செட்டியாரின் தராசையும் ஒரே அதிகாரத்தில் மாட்டிவைத்தார் வள்ளுவர். ஆனால் இரண்டு தமிழ் நூல்களுக்கும் அந்த அரபு வசனங்களுக்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. புலவர் நல்ல வணிகனைப் பாராட்டிவிட்டு அடுத்த தெருவுக்குப் போய்விடுகிறார். குறள் அறிவுரை சொல்லி அமைதியாகிறது. கெட்ட வணிகனை என்ன செய்வது என்ற கேள்வியை இரண்டு பேரும் எடுத்துக்கொள்ளவில்லை. அந்த அத்தியாயமோ அவனிலிருந்துதான் தொடங்குகிறது.

இங்கே முதல் ஆட்சேபம் எழும். கொலை, கொள்ளை, வழிப்பறி எல்லாம் மலிந்த ஒரு காலத்தில், ஒரு பிடி கோதுமைக்கும் பேரீச்சம்பழத்துக்கும் இத்தனை ஆவேசமா? அளவு சிறியது, உண்மை. ஆனால் சிறியதாக இருப்பதே இதன் பலம். நூறு பேரிடம் ஐம்பது ஐம்பது கிராம் எடுத்தால் ஐந்து கிலோ. ஐந்து கிலோவை ஒருவனிடம் பறித்தால் கூச்சல் எழும், ஊர் கூடும், பஞ்சாயத்து நடக்கும். நூறு பேரிடம் பறித்தால் சத்தமே இல்லை, பறிகொடுத்தவனுக்கே தெரியாது, தெரிந்தாலும் ஐம்பது கிராமுக்காக யார் சண்டை போடுவது என்று போய்விடுவான். வாதி இல்லாத வழக்கு இது. வழிப்பறி செய்தவனைப் பார்த்தவன் ஒருவனாவது இருப்பான், இதற்குச் சாட்சியும் கிடையாது. வாதியும் சாட்சியும் இல்லாத இடத்தில் மிஞ்சக்கூடியது கணக்குப் புத்தகம் ஒன்றுதான். அதனால்தான் படியைப் பற்றிப் பேசிய கையோடு அத்தியாயம் ஏடுகளைப் பற்றிப் பேசப் போகிறது. தீயவர்களின் பதிவேடு ‘ஸிஜ்ஜீன்’, நல்லவர்களின் பதிவேடு ‘இல்லிய்யீன்’, இரண்டும் எழுதப்பட்ட ஏடுகள். முந்தைய 82இல் எழுதுகிற வானவர்கள் வருகிறார்கள், பிந்தைய 84இல் அந்த ஏடு அவரவர் கையில் கொடுக்கப்படுகிறது. நடுவில் இருக்கும் 83, ஏட்டில் என்ன எழுதப்படும் என்பதற்கு எடுத்துக்காட்டாகப் பெரும்பாவம் எதையும் சொல்லாமல் மரக்காலைச் சொல்கிறது. வானம் பிளக்கும் நாளையும் கடைத்தெருவையும் பக்கத்தில் வைத்ததற்கு எனக்குப் படுகிற காரணம் இதுதான்.

கணக்கைத் தெய்வத்தின் முன்னால் வைப்பது எப்படி இருக்கும் என்று கேட்பவருக்குத் திருமலையில் தினமும் ஒரு பதில் இருக்கிறது. அதிகாலையில் தோமாலை சேவை முடிந்ததும் கொலுவு நடக்கும். கொலுவு ஸ்ரீநிவாசரைக் குடையின் கீழ் ஆசனத்தில் எழுந்தருளச் செய்து, அன்றைய திதி, வாரம், நட்சத்திரம் எல்லாம் பஞ்சாங்கத்திலிருந்து படிப்பார்கள். பிறகு முந்தைய நாள் உண்டியல் வரவு எவ்வளவு, எந்தெந்த நோட்டு எத்தனை, நாணயம் எவ்வளவு, பொன் வெள்ளி எவ்வளவு என்று வாசித்து ஒப்பிப்பார்கள். முடிவில் எள்ளும் வெல்லமும் சேர்த்து இடித்த பொடி நைவேத்தியம். ஆண்டுக்கு ஆயிரம் கோடி ரூபாய்க்கு மேல் உண்டியல் விழும் இடத்தில், தணிக்கையாளருக்கு முன்பாகப் பெருமாளுக்குக் கணக்கு! எல்லாம் அறிந்தவனுக்கு எதற்குக் கணக்கு வாசிப்பது என்று குதர்க்கம் பேசலாம். வாசிப்பது கேட்பவனுக்காக மட்டும் என்று யார் சொன்னது? வாசிக்கிறவன் தன் வாயால் எண்ணைச் சொல்லியாக வேண்டும், அதுவும் தினமும். மலையை ஆள வந்தவர்கள் எல்லாருமே வந்ததும் முதலில் கேட்டது அளவையும் ஏட்டையும்தான். ஆற்காட்டு நவாபிடமிருந்து 1801இல் நிர்வாகத்தை எடுத்துக்கொண்ட கும்பினி, கோயில் நடைமுறைகளைக் கேள்வி பதிலாக எழுதி வாங்கியது. ‘சவால் ஏ ஜவாப்’ என்றே அதற்குப் பெயர். 1821இல் புரூஸ் என்ற அதிகாரி விதிகளைத் தொகுத்தார். 1843இல் ஹாதிராம்ஜி மடத்து மஹந்துகளுக்குக் கைமாறியது, 1933இல் தேவஸ்தானம் அமைந்தது. எந்தப் பிரசாதத்துக்கு எவ்வளவு அரிசி, எவ்வளவு நெய் என்று வகுத்த ‘திட்டம்’ மட்டும் எல்லா ஆட்சியிலும் பேச்சில் இருந்துகொண்டே வந்திருக்கிறது. 2024இல் லட்டு நெய்யைப் பற்றி எழுந்த புகார் உச்ச நீதிமன்றம் அமைத்த சிறப்புப் புலனாய்வுக் குழு வரை போனதும் இந்த வரிசையில் ஒன்றுதான்.

இரண்டாவது ஆட்சேபம் இன்னும் வலுவானது. மறுமை பயத்தால் சந்தை திருந்துமா? தராசைத் திருத்துவது சட்டமும் முத்திரையும் அபராதமும் அல்லவா? இப்னு அப்பாஸ் சொன்னதாக ஒரு செய்தி ஹதீஸ் நூல்களில் இருக்கிறது: நபிகள் நாயகம் மதீனாவுக்கு வந்தபோது அந்த ஊரார் அளவையில் மிக மோசமாக இருந்தார்கள், இந்த வசனங்கள் இறங்கியபின் சரியாக அளக்கத் தொடங்கினார்கள். நம்ப விரும்புகிறேன். ஆனால் இஸ்லாமிய அரசுகளே அச்சத்தை மட்டும் நம்பி உட்கார்ந்திருக்கவில்லை. முஹ்தஸிப் என்ற சந்தை அதிகாரியை வைத்து எடைக்கற்களைச் சோதித்தார்கள். 8ஆம் நூற்றாண்டு எகிப்தில் செய்த கண்ணாடி எடைகளும் அளவைப் பாத்திரங்களில் பதித்த கண்ணாடி முத்திரைகளும் இன்றும் அருங்காட்சியகங்களில் இருக்கின்றன; நிறைவாக அளக்கச் சொல்லும் வாசகம் பொறித்தவையும் அவற்றில் உண்டு. வேதவாக்கும் சர்க்கார் முத்திரையும் ஒரே கண்ணாடித் துண்டில். பட்டினப்பாலையிலும் நல்ல நெஞ்சுள்ள வணிகர்களுக்குப் பக்கத்திலேயே சுங்கச் சாவடியும் மூட்டைகளில் புலி முத்திரை குத்தும் காவலர்களும் இருக்கிறார்கள் அல்லவா? தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் நெல்லை அளந்தது ‘ஆடவல்லான்’ என்ற மரக்காலால். அது ‘ராஜகேசரி’க்குச் சமம் என்றும் எழுதிவைத்தார்கள். திருமலைக் கல்வெட்டுகளிலோ ‘மலைகுனியநின்றான்’ என்று பெருமாள் பெயரிலேயே மரக்கால். சாமி பெயர் வைத்த மரக்காலின் விளிம்பைத் தேய்க்க எவனுக்கும் கை கொஞ்சம் நடுங்கும், அரசன் பெயரோடு ஒப்பிட்டு எழுதிவிட்டால் தேய்த்தாலும் பிடிபடும். இரண்டு பூட்டும் வேண்டும் என்றுதான் அந்தக் காலத்து ஆட்கள் நினைத்திருக்கிறார்கள். நமக்கு இப்போது 2009ஆம் ஆண்டுச் சட்டமுறை எடையளவுச் சட்டம் இருக்கிறது. மின்னணுத் தராசுக்கு ஆண்டுக்கு ஒரு முறை முத்திரை போட வேண்டும். கட்டைவிரலுக்கும் புளிக்கும் வேலை குறைந்துவிட்டது. கூடவே கொசுறும் போய்விட்டது என்பது என் தனிப்பட்ட வருத்தம். எடை போடுகிறவரிடம் தட்டு தாழும்படி நிறுக்கச் சொன்னவர் நபிகள் நாயகம். கறிவேப்பிலைக் கொத்தைச் சும்மா போட்ட நம் கடைக்கார அம்மாவும் அதைத்தான் செய்துகொண்டிருந்தாள். பிளாஸ்டிக் உறையில் ஒட்டிய 500 கிராமில் அதற்கு இடமில்லை.

அப்படியானால் பிரச்சினை தீர்ந்ததா? சித்தூர்ப் பக்கம் வந்து பார்க்கலாம். இது பால் மாவட்டம். விடியற்காலையில் கேனைத் தூக்கிக்கொண்டு சேகரிப்பு நிலையத்துக்கு வருகிறவருக்கு எத்தனை லிட்டர் என்று தெரியும். விலையை முடிவு செய்வது லிட்டர் மட்டுமல்ல, கொழுப்பும் எஸ்.என்.எஃப். என்கிற இதரச் சத்தும். அதைச் சொல்வது இயந்திரம். இயந்திரம் சொல்வதைச் சரிபார்க்க மாட்டுக்காரரிடம் இன்னொரு இயந்திரம் கிடையாது. மாம்பழக் காலத்தில் தோத்தாபுரிக் காய் ஏற்றிய டிராக்டர்கள் கூழ் ஆலை வாசல்களில் வரிசை கட்டி நிற்கும். நிற்கிற ஒவ்வொரு நாளும் காய் ஈரம் இழந்து எடை குறையும். எடைமேடையில் ஏறும்போது தெரிகிற குறைவு விவசாயியின் கணக்கு. 2025இல் விலை சரிந்தபோது ஆலைகள் கிலோவுக்கு 8 ரூபாயும் அரசு 4 ரூபாயும் தருவதாக ஏற்பாடாயிற்று. விலையைத்தான் பேசினார்கள், காத்திருந்து தொலைத்த எடையை யாரும் பேசவில்லை. முன்பு சித்தூர் மாவட்டத்தில் இருந்த மதனப்பள்ளித் தக்காளிச் சந்தையில் ‘ஜாக்பாட்’ என்ற பெயரில் சில பெட்டிகள் விலையில்லாமல் கழிந்து போவதாக விவசாயிகள் பல காலமாகப் புகார் சொல்லி வருகிறார்கள். தராசில் துளிக் குற்றம் இல்லாமலே இதெல்லாம் நடக்க முடியும். பத்து ரூபாய் பிஸ்கட் பாக்கெட் அதே பத்து ரூபாய்க்கு வருஷா வருஷம் மெலிகிறதே, அதில் மட்டும் சட்டக் குற்றம் இருக்கிறதா? எத்தனை கிராம் என்று பொடி எழுத்தில் அச்சடித்துத்தான் இருக்கிறது, நாம் படிக்கவில்லை என்றால் நம் பிழை. ஆனால் அந்த இரண்டு வசனங்களை வைத்துச் சோதித்தால் கேள்வி வேறு மாதிரி வரும். மாவு மூட்டை விற்கிறவர் அதே விலைக்கு மூட்டையில் கொஞ்சம் குறைத்துவிட்டு, சாக்கின் ஓரத்தில் பொடி எழுத்தில் எழுதியிருக்கிறேனே என்று சொன்னால் அந்த பிஸ்கட் கம்பெனி ஒப்புக்கொள்ளுமா? வாங்கும்போது ஒப்புக்கொள்ளாததைக் கொடுக்கும்போது செய்தால் அங்கே இரண்டு மரக்கால் இருக்கிறது.

கடை வைக்காதவர்கள் இந்த அத்தியாயத்தைக் கேட்டுவிட்டு நிம்மதியாக எழுந்து போவது உண்டு. அதற்கும் வழியில்லை. இமாம் மாலிக்கின் ‘முவத்தா’வில், அஸர்த் தொழுகையைத் தவறவிட்ட ஒருவரை நீ அளவில் குறைத்துவிட்டாய் என்று கலீஃபா உமர் கண்டித்ததாக ஒரு செய்தி வருகிறது, எல்லாக் காரியத்துக்கும் நிறைவு உண்டு, குறைவு உண்டு என்று மாலிக் அதை விரித்துக்கொள்கிறார். முழுச் சம்பளம் வாங்கிக்கொண்டு அரை வேலை செய்பவரும், முழு வேலை வாங்கிக்கொண்டு அரைக் கூலி கொடுப்பவரும் கடைவீதிக்குப் போகாமலே மாட்டிக்கொள்கிறார்கள். திருஆதனூர் மரக்கால் அளந்தது இந்தக் கணக்கைத்தான்.

மூன்றாவதாக ஒன்று சொல்வார்கள். 29ஆம் வசனத்திலிருந்து பேச்சு மாறிவிடுகிறது. வசதி படைத்தவர்கள் எளிய விசுவாசிகளைப் பார்த்துச் சிரிப்பதும், கடந்து போகும்போது ஒருவருக்கொருவர் கண் சாடை காட்டுவதும், வீட்டுக்குப் போய் அதையே பேசிக் குதூகலிப்பதும் வருகிறது. அளவைக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? முதல் பகுதி மதீனாவில் இறங்கியது, பின்பகுதி மக்காவில் இறங்கியது என்று பிரித்துச் சொன்ன அறிஞர்களும் உண்டு. அவர்கள் ஆராய்ச்சியில் தலையிட எனக்குத் தகுதி இல்லை. ஆனால் ஒன்றாக வாசித்தால் முரண் தெரியவில்லை. நடுவில் 14ஆம் வசனத்தில், செய்துவந்த செயல்கள் நெஞ்சில் துருவாகப் படிந்துவிட்டன என்று வருகிறது. ஒரே நாளில் படிவது அல்ல துரு. ஒவ்வொரு பிடியாக நெல்லைக் குறைத்தவனுக்கு ஒவ்வொரு படலமாக ஏறுகிறது. கடைசியில் அவன் கையில் மரக்கால் இல்லாத போதும் ஆளைப் பார்த்த மாத்திரத்தில் குறைத்து அளந்துவிடுகிறான். கந்தல் கட்டியவனுக்கு மதிப்பு இவ்வளவுதான் என்று ஒரு கண் சாடையில் தலை தட்டிவிடுகிறான். தனக்கு வர வேண்டிய மரியாதையில் மட்டும் கோபுரம் குறையக் கூடாது. பிலால், அம்மார், கப்பாப் போன்ற ஏழைத் தோழர்களை மக்காவின் தனவந்தர்கள் இப்படித்தான் பார்த்துச் சிரித்தார்கள் என்று விரிவுரைகள் பெயர் சொல்லியே எழுதுகின்றன. பிறகு அந்த நாளில் சிரிப்பு கைமாறுகிறது, சாய்வு இருக்கைகளில் அமர்ந்திருக்கும் எளியவர்கள் சிரிக்கிறார்கள். நியாயம் என்ற அளவில் இது சரிதான், கொடுத்தது திரும்பி வருகிறது. ஆனாலும் 25, 26ஆம் வசனங்களில் கஸ்தூரி முத்திரையிட்ட பானம் அருந்தும் பேறு பெற்றவர்களுக்கு இந்தச் சிரிப்பும் வேண்டியிருந்ததா என்று எனக்குள் ஒரு நெருடல் இருக்கிறது. வயிறு காய்ந்து நின்றவனுக்கு அந்த நெருடல் வராது என்பதும் தெரிகிறது. அத்தியாயம் முடிவது ஒரு கேள்வியில்: இவர்கள் செய்ததற்கான கூலி கொடுத்தாயிற்றா என்று. பட்டுவாடா முடிந்ததா என்று கேட்கும் கணக்குப்பிள்ளையின் கேள்வி அது.

சித்தூரில் பால் நிலையம் நடத்துகிறவர்களுக்கும், கூழ் ஆலை வாசலில் எடைமேடை வைத்திருப்பவர்களுக்கும், தக்காளி மண்டிக்காரர்களுக்கும் ஒரு வேண்டுகோள். எந்தச் சாமியைக் கும்பிடுகிறவராகவும் இருங்கள். எண் தெரிகிற திரை ஒன்றைச் சரக்கு கொடுக்க வந்தவர் பக்கமும் வையுங்கள். கொழுப்பு எவ்வளவு, எடை எவ்வளவு, கழிவு எவ்வளவு என்று மூன்றையும் சீட்டில் எழுதிக் கொடுங்கள். அவர் சந்தேகப்பட்டால் இரண்டாம் முறை அளந்து காட்டுங்கள்.